பூட்டைப் பிடித்தபடி ஒரு குறிப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, என் அக்காவிடமிருந்து சுட்டது. நேற்று மாலை போனில் அவள் மனம்விட்டுப் புலம்பியபோது, "ம்... ம்..." என்று கேட்டபடியே பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வேண்டிய தம்பி செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்றால் அப்படித்தான்.

அக்கா வேலை செய்வது கணினியின் கர்னலில். திரையில் நாம் பார்க்கும் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எப்போது எது என்று பங்கிட்டுக் கொடுக்கும் நிரல் அது. அவள் குழு கட்டிக்கொடுத்த இயந்திரங்கள் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஓடுகின்றன. மூன்று வாரமாக அவை நாளுக்கு நாலைந்து முறை உறைந்துபோகின்றன. ஒன்பது நொடி. மறுமுனையில் ஒருவர் பதறிக்கொண்டே முகவரி சொல்வார், இங்கே எத்தனை தட்டினாலும் திரையில் எழுத்து விழாது.

ஒன்பது நொடி பெரிதில்லை என்று தோன்றினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். (மலிவான உத்தி. பிறகு அடித்துவிட வேண்டும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "இயந்திரத்தின் இதயத்தில் ஒரு மௌனம்..." வேண்டாம். இதே வரியை ஏற்கெனவே இரண்டு கதைகளில் பயன்படுத்திவிட்டேன். இரண்டையும் யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது: "ஓர் அலுவலகம். ஒரே கழிவறை, ஒரே சாவி. சாவி ஆணியில் தொங்கும். எடுத்துப்போனவர் திரும்பக் கொண்டுவந்து மாட்டினால்தான் அடுத்தவர் போக முடியும்."

இதை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"பதினெட்டு வருஷமா வேலை பாக்கறேன்டா. அதைக் கொண்டுபோய்க் கக்கூஸ் சாவில முடிச்சிட்டியே."

"தப்பாக்கா?"

"தப்பில்ல. அதான் எரிச்சலா இருக்கு."

ஆகவே சாவி இருக்கட்டும். ஒரே பட்டியலை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தினால் குழப்பமாகிவிடும் என்பதால் கர்னலில் அதற்கு ஒரு பூட்டு உண்டு. சாவி கையில் இருப்பவர் மட்டுமே தொடலாம். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து காத்திருப்பதில்லை. "ஆச்சா, ஆச்சா, ஆச்சா" என்று கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இயந்திரம் மாங்கு மாங்கென்று உழைப்பதாகத் தெரியும். ஒரு வேலையும் நடந்திருக்காது. (நான் எழுதுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

3

உறையும் நேரத்தில் இயந்திரம் என்ன செய்கிறது என்று அக்காவின் குழு பதிவு எடுத்தது. பெரும்பாலும் ஒரே ஆளுடைய நிரல்தான் சிக்கியது. அவரை எல்லோரும் 'அமைதி' என்பார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர், தகவல்களை வட்டில், அதாவது டிஸ்கில், எழுதும் பகுதியைச் செய்தவர். கேட்டால்தான் பேசுவார், அதுவும் பாதிதான். "உங்க புரோகிராம்தான் மாட்டிக்கிட்டு நிக்குது" என்று மேலாளர் சொன்னபோது, "பாக்கறேன் சார்" என்றாராம். இன்று மூன்று மணிக்குக் கூட்டம். அவரை வேலையிலிருந்து எடுப்பதாக ஏற்பாடு.

அமைதியைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் கதை சூடுபிடிக்குமே என்று ஆசைப்பட்டு, "அவர் கண்களில் ஒரு கள்ளத்தனம்—" என்று தொடங்கினேன். கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு முந்தாநாள்தான் உறைத்தது. பதிவில் விழுந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே தட்டிக்கொண்டு நின்றவர்கள். உள்ளே சாவியோடு இருந்தது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதிக முறை வரிசையில் நின்ற பாவத்துக்கு அமைதி மாட்டிக்கொண்டார்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு வரி. பூட்டு அதிக நேரம் திறக்காமல் கிடந்தால், எவ்வளவு நேரம், யார் யார் காத்திருந்தார்கள் என்று குறிப்பு எழுதும் வரி. அந்தக் குறிப்பு, ஆம்புலன்ஸ் மையத்தில் இருக்கும் ஒரு பழைய கேபிள் வழியாக, எழுத்து எழுத்தாக வெளியே போகும். போய் முடியும்வரை பூட்டு திறக்காது. தாமதத்தைக் கண்டுபிடிக்கப் போட்ட வரியேதான் தாமதம். அந்த வரியைப் போட்டவரின் மேசையில் அப்படி ஒரு கேபிள் இல்லை. அதனால் அங்கே சோதித்தபோது எதுவும் உறையவில்லை.

வரியைப் போட்டவர் என்று நழுவப் பார்க்கிறேன். போட்டது அக்கா. போன மாதம். அலுவலகத்தில் அவளைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் குழுத் தலைமை அவளுக்கு வர இருக்கிறது.

4

மணி மூன்று. கூட்ட அறைக் கதவின் கைப்பிடியில் அக்கா கை வைக்கிறாள்.

[கண்ணாடிக் கதவு. உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், பேசுவது கேட்காது. இதில் ஒரு குறியீடு இருப்பதாக விமர்சகர்கள் யாராவது—]

[கைப்பிடி எஃகா, பித்தளையா? நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.]

முடிவு அ: அக்கா வாயைத் திறக்கவில்லை. வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறாள். உறைவது நிற்கிறது. அமைதி போனதால்தான் நின்றது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

முடிவு ஆ: அக்கா சொல்லிவிடுகிறாள். எல்லோரும் கைதட்டு— எந்த அலுவலகத்தில் கைதட்டியிருக்கிறார்கள்?

[இங்கே ஒப்புதல் என்பது பற்றி ஒரு சிறு கட்டுரை வரும்.]

5

இவ்வளவையும் அக்காவுக்கு அனுப்பினேன். உண்மையில் அப்போது மணி ஒன்றரை. உடனே கூப்பிட்டாள்.

"கதவுல கை வச்சவ எவ்வளவு நேரம்டா அங்கயே நிப்பேன்?"

"சூழ்நிலையை விவரிக்கறேன்க்கா."

"குறிப்பு எழுதறேன்னு பூட்டைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க. நான் பண்ணின அதே வேலை. நம்ம ரத்தத்துலயே இருக்கு போல."

பதினொரு வருடமாக எழுதுகிறேன், என் கதைகளைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

"எந்த முடிவுன்னு சொல்லுக்கா. அதையே வச்சிடறேன்."

"வேண்டாம். நீ நல்ல முடிவா எழுதினா, அதைப் படிச்சிட்டுத்தான் நான் சொன்ன மாதிரி ஆயிடும். சொன்னா, நானா சொன்னதா இருக்கணும். பயமா இருக்குடா."

"ம்."

"அவர் காலைலேர்ந்து மேசையைக் காலி பண்ணிட்டிருக்கார். யாரும் சொல்லல. அவரே. அட்டைப்பெட்டில முதல்ல டம்ளரை வச்சார்."

அவள் போனை வைத்த பிறகு ரசீதை எடுத்துப் பார்த்தேன். நேற்று அவள் அழுத இடத்தில் 'நல்ல இடம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

6

அ, ஆ இரண்டையும் எடுத்துவிட்டேன். இப்போது மணி மூன்றுக்கு இரண்டு நிமிடம்.

அக்கா கதவைத் திறக்கிறாள். மேசையின் கோடியில் அமைதி, மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். யாரோ அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அவள் உட்காரவில்லை.

[இங்கே ஒரு குறிப்பு எழுதக் கை துறுதுறுக்கிறது.]

எழுதவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். வரிசையில் அடுத்தவர் நீங்கள்தான். எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், ஆனால் நின்று குறிப்பெடுக்காதீர்கள். மடியில் பெட்டியோடு ஒருவர் காத்திருக்கிறார்.