ஒல்லாந்தர் கட்டாத கிணறு

1

உண்மையைச் சொல்லிப்போட்டே தொடங்கிறன். இந்தக் கதை என்ரை இல்லை. நிலாவெளி பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்த கனகமணி எண்டவ தந்தது. சாம்பல்தீவு தாண்டேக்கை தொடங்கினவ, நான் இறங்கவேண்டிய தரிப்பும் போய், அதுக்கங்காலை ரெண்டு தரிப்பும் போட்டுது. நான் இறங்கேல்லை. இறங்கியிருந்தா இண்டைக்கு நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்.

"எழுதட்டோ?" எண்டு கேட்டன்.

"எழுதுங்கோ. ஆனா அழுமூஞ்சியா எழுதிப்போடாதேங்கோ. நான் அழேல்லை. எனக்கு விசர்தான் வந்தது" எண்டா.

எனக்கும் கோவ விசர்தான். அதோடைதான் எழுதிறன், வசனம் அங்கை இஞ்சை இழுபட்டா பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் வரி இப்பிடி எழுதினனான்:

களப்பின் நீலநீரில் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை

(உது வேண்டாம். அந்தக் களப்பு காலமை ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி நிறத்திலை கிடக்கும். கதிரவனுக்குக் கையுமில்லை.)

ரெண்டாவது வரி:

கனகமணி ஒரு சுற்றுலாப் பயணி.

உது பச்சைப் பொய். ஆனா தோட்டம் பாக்க எடுத்த ரிக்கெற்றிலை அப்பிடித்தான் போட்டிருந்தது. அதாலை உதையே வைச்சிருக்கிறன்.

2

கனகமணி ஒரு சுற்றுலாப் பயணி. அறுபத்தொரு வயசு, சீலை, தோளிலை ஒரு துணிப் பை, பைக்குள்ளை மகள் லதுசாவின்ரை போன். படம் எடுக்க எதை அமத்திறது எண்டு மகள் மூண்டு நாளாப் பழக்கி விட்டவள்.

களப்பங்கரையிலை பழைய வெள்ளைக்காரத் துரைமாரின்ரை பங்களா மூண்டு வரிசையாக் கிடக்கு. இப்ப மூண்டும் ஒரே ஹொட்டேல். புதனும் சனியும் காலமை ஒரு ஆள் முன்னாலை நடந்து மூண்டு தோட்டத்தையும் ஆக்களுக்குச் சுத்திக் காட்டுவார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பனையோலைத் தொப்பி, ஒரு கிளாஸ் இளநி.

கனகமணிக்குப் பூப் பாக்கிற ஆசை ஒண்டுமில்லை. ஏன் போனவ எண்டதை ஒளிச்சு வைச்சுக் கடைசியிலை அவிட்டு விடலாம், கதை எழுதிறவை அப்பிடித்தான் செய்யிறவை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இந்தா பிடியுங்கோ:

மூண்டாவது பங்களாவின்ரை பின்பக்கம் அரை ஏக்கர், கனகமணியின்ரை தகப்பன் வேலாப்போடிக்கு அரசாங்கப் பெர்மிட்டிலை கிடைச்ச காணி. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள்ளை உடுத்த உடுப்போடை ஓடினவை. பெர்மிட் வீட்டோடை எரிஞ்சு போச்சு. திரும்பி வரேக்கை வேலி இருந்தது, வீடு இல்லை. கிணறு மட்டும் வேலிக்கு உள்ளை. எண்பத்தைஞ்சிலை அது ஆளில்லாத வெறுங்காணி எண்டு ஹொட்டேல்காரர் கடதாசி வைச்சிருக்கினம். செவ்வாய்க்கிழமை காணிக் கந்தோரிலை விசாரணை. "அதுக்கு முந்தி நீங்கள் இருந்ததுக்கு ஏதாவது காட்டுங்கோ" எண்டு கந்தோரிலை சொல்லிப்போட்டினம்.

கிணத்துக் கட்டிலை தகப்பன் எழுதி வைச்சிருக்கிறார்: க. வேலாப்போடி, அதுக்குக் கீழை 14.2.79.*

அதைப் படம் எடுக்க வேணும். அதுக்குத்தான் தன்ரை வளவுக்குள்ளை போக ரிக்கெற் எடுத்துக்கொண்டு போனவ.

* எங்கடை பக்கத்திலை கிணறு கட்டினா ஈரச் சீமெந்திலை ஆணியாலை பேரும் திகதியும் கீறுவினம். ஆரும் சட்டம் போட்டதில்லை. எங்கடை வீட்டுக் கிணத்திலை திகதிக்குப் பக்கத்திலை ஒரு கோழிக் காலும் பதிஞ்சு கிடக்கு.

3

இப்ப எனக்குக் கஷ்டமான இடம். நௌபர்.

நௌபர்தான் சுத்திக் காட்டிற பொடியன். கிண்ணியா ஆள், இருவத்தெட்டு வயசு இருக்கும். முதல் எழுதேக்கை அவனுக்குக் கழுத்திலை தடிச்ச சங்கிலியும் போட்டு, கள்ளச் சிரிப்பும் குடுத்து, ஒரு வில்லனா நிப்பாட்டினனான். வாசிச்சுப் பாத்தா எனக்கே வெக்கமாக் கிடந்தது. என்ரை கோவத்துக்கு ஒரு மூஞ்சை தேவைப்பட்டது, கையிலை அம்பிட்டது அவன். வேலி போட்ட ஆக்கள் கொழும்பிலை ஏசி அறைக்குள்ளை இருக்கினம், அவையளைக் கதைக்குள்ளை கொண்டரக் கூட ஏலாமக் கிடக்கு.

அதாலை சங்கிலியைக் கழட்டிப்போட்டன். கனகமணி சொன்னபடி எழுதிறன்.

"அம்மா, தனியாவா வந்த நீங்க?"

"ஓம் தம்பி. பூப் பாக்கச் சோடியாத்தான் வரவேணுமோ?"

"இல்லம்மா, நான் இங்கிலீசுலதான் சொல்ற. ஒங்களுக்கு விளங்குமா எண்டு..."

"பூவுக்கு விளங்குதோ?"

அவன் சிரிச்சிட்டான். "சரி, இடைக்கிடை தமிழ்லயும் சொல்றன். பாதைய விட்டு மட்டும் இறங்கிராதீங்க. எல்லா இடமும் கேமரா இரிக்கு. மெனேஜர் என்னைத் தொலைச்சிருவாரு."

4

பத்துப் பன்னிரெண்டு பேர். வெள்ளைக்காரர் ஏழெட்டுப் பேர், கொழும்புக் குடும்பம் ஒண்டு, பச்சைக் குடையோடை ஒரு வெள்ளைக்காரி.

முதலாம் தோட்டத்திலை புல்லு. புல்லு எண்டா சும்மா புல்லில்லை, ஆரும் மிதிக்கப்படாத புல்லு. அதுக்குக் காலமையிலேயே தண்ணி பீச்சி அடிக்குது. அங்காலை ஊருக்குள்ளை பவுசரிலை தண்ணி வந்து, சனம் வாளியோடை லைனிலை நிக்குது. துரைசானி கப்பலிலை ரோசாச் செடி கொண்டந்து நட்டவவாம். கனகமணி அந்த மண்ணைப் பாத்தா. கப்பலிலை வந்தவ தன்ரை கையாலை கிடங்கு வெட்டியிருக்க மாட்டா. வெட்டினது ஆர் எண்டு நௌபர் இங்கிலீசிலையும் சொல்லேல்லை, தமிழிலையும் சொல்லேல்லை.

ரெண்டாம் தோட்டத்திலை களப்புக்குள்ளை இறங்கிற கல்லுப்படி. எல்லாரும் அதிலை நிண்டு படம் எடுத்தினம்.

"இதுல முந்தி மீன்பிடிக்கிற ஆக்கள் இருந்தாங்களாம்மா."

"முந்தி எண்டா எப்ப தம்பி?"

"அது... எழுதித் தந்ததுல இல்லம்மா."

"அந்த முந்தியிலைதான் நான் பள்ளிக்கூடம் போனனான்."

நௌபர் அவவின்ரை முகத்தைப் பாத்தான், பிறகு மேலை தென்னையிலை பூட்டியிருந்த கேமராவைப் பாத்தான்.

(இந்த இடத்திலை களப்பைப் பற்றி ஒரு பந்தி எழுதி வைச்சிருந்தனான். வடிவான பந்திதான். கனகமணி அடுத்த தோட்டத்தை நினைச்சுக்கொண்டு நிக்கேக்கை கொக்கு எத்தினை நிண்டா எனக்கென்ன எண்டு வெட்டிப்போட்டன்.)

5

மூண்டாவது தோட்டம். பங்களாவைச் சுத்திப் பின்பக்கம் வந்தா, பாதையிலையிருந்து மூண்டு எட்டிலை கிணறு.

அவ கிணத்தை முதல் அடையாளம் காணேல்லை. சீமெந்துக் கட்டு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து அப்பி, இடைக்கிடை கருங்கல்லுத் துண்டு பதிச்சு, ஒரு கொடியும் ஏத்தி விட்டிருந்தது. பக்கத்திலை பித்தளைப் பலகை. நௌபர் நெஞ்சை நிமித்திக்கொண்டு இங்கிலீசிலை நெடுகச் சொன்னான். எல்லாரும் "ஓ" எண்டினம். பிறகு இவவின்ரை பக்கம் திரும்பினான்.

"இது ஒல்லாந்தர் கட்டின கிணறும்மா. முந்நூறு வருசம்."

முந்நூறு வருசமாம்!

(இதிலை நான் எழுதின நாலு வரியை அழிச்சிட்டன். பிள்ளையளும் வாசிப்பினம்.)

கனகமணிக்கு அந்த வசனம் உடனை விளங்கிட்டுது. உங்களுக்கும் விளங்கட்டும். இது வடிவுக்குச் சொல்லிற பொய்யில்லை. கிணறு ஒல்லாந்தன்ரை எண்டா அது வேலாப்போடியின்ரை இல்லை. வேலாப்போடியின்ரை கிணறு இல்லையெண்டா வேலாப்போடி அங்கை இருக்கவே இல்லை. ஒரு பலகையும் ரெண்டு வாளி சாந்தும், ஒரு குடும்பத்தையே துடைச்சாச்சு.

அவ பாதையை விட்டு இறங்கினா.

"அம்மா! என்ன செய்றீங்க? இறங்கப்படா எண்டு சொன்னன்தானே!"

அவ பையுக்கை கை விட்டு வீட்டுப் பூட்டின்ரை திறப்பை எடுத்து, கொடியை ஒரு பக்கம் இழுத்து, சாந்தைச் சுரண்டத் தொடங்கிட்டா. எந்த இடம் எண்டு கை அறிஞ்சிருந்தது.

"தம்பி, உந்த ஒல்லாந்தனுக்கு என்ன பேர்?"

"என்னது?"

"கிணறு கட்டினவனுக்கு ஒரு பேர் இருக்கத்தானே வேணும். அவன் சீமெந்து எந்தக் கடையிலை வாங்கினவன்? இரும், நான் காட்டிறன்."

சாந்து பொருக்குப் பொருக்கா விழுந்தது. முதல் க. பிறகு வே. பிறகு லா. நகத்துக்குள்ளை சுண்ணாம்பு ஏறி எரிஞ்சது. தூரத்திலை செக்குரிட்டி விசில் ஊதிக்கொண்டு ஓடி வாறான்.

"இது என்ரை அப்பா. வேலாப்போடி. எழுபத்தொன்பதாம் ஆண்டு. நான் மணல் அள்ளிக் குடுத்தனான். இவையளுக்குச் சொல்லும் தம்பி. நீர் இவ்வளவு நேரமும் எல்லாம் சொன்னனீர்தானே, இதையும் சொல்லும்!"

எல்லாற்றை முகமும் நௌபரிலை.

6

நௌபர் வாய் திறந்தான். இங்கிலீசிலை அரை நிமிசம், ஒரு நிமிசம், கூடவும் இருக்கும், கதைச்சான்.

என்ன சொன்னவன் எண்டு கனகமணிக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியாட்டி எனக்கும் தெரியாது. இந்தக் கதையின்ரை நடுமுள்ளே இந்த இடம்தான், இதுக்குள்ளை எனக்கு வசனம் இல்லை.

ஊகிச்சுப் பாத்தன்.

அ) உள்ளதை உள்ளபடி சொன்னான். "இது இவவின்ரை தகப்பன் கட்டின கிணறு, நான் இவ்வளவு நேரமும் சொன்னது பிழை" எண்டு. எனக்கு விருப்பமானது இது.

ஆ) "பாவம், மூளை சரியில்லாத மனிசி, பொறுத்துக்கொள்ளுங்கோ" எண்டான். வேலை போகக்கூடாதெண்டா வேறை என்னத்தைச் சொல்லிறது?

இ) உதை எழுதவே எனக்குக் கை கூசுது. இதுவும் சுத்திக் காட்டிறதிலை ஒரு பங்குதான், ஊர் மனிசி ஒராள் வந்து நடிச்சுக் காட்டிறா எண்டு சொன்னான்.

ஏன் இ எழுதினனான் எண்டா, அவன் கதைச்சு முடிய அந்தச் சனம் கை தட்டினது. ஓம், கை தட்டினது. தட்டிப்போட்டு எல்லாரும் பாதையை விட்டு இறங்கிக் கிணத்தைச் சுத்தி நெருக்கமா நிண்டு படம் எடுத்தினம். பச்சைக் குடைக்காரி கனகமணியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கண் கலங்கினவ. செக்குரிட்டிக்கு உள்ளை வர வழி இல்லை. அந்த இடைவெளிக்குள்ளை இவ லதுசா பழக்கின மாதிரி அமத்தி அந்தப் பேரை ஒரே ஒரு படம் எடுத்தா.

கை தட்டினது, கண் கலங்கினது, எதை எடுத்தாலும் மூண்டு ஊகத்துக்கும் பொருந்துது. உண்மை கேட்டும் கை தட்டுவினம், நடிப்புக்கும் கை தட்டுவினம், பைத்தியத்தைப் பாத்தும் கண் கலங்குவினம்.

திகதியைச் சுரண்டக் குனிய, நௌபர் அவவின்ரை கையைப் பிடிச்சிட்டான். "சுரண்டின காணும்மா. வாங்க. இப்பயே வாங்க." காப்பாத்தப் பிடிச்சவனோ, தடுக்கப் பிடிச்சவனோ?

லதுசாவிட்டை சொல்லி, ஹொட்டேலிலை விசாரிச்சு அவன்ரை நம்பர் எடுத்து நானே போன் அடிச்சுக் கேட்டன்.

"என்ன சொன்ன எண்டு மட்டும் கேக்காதீங்கம்மா. எனக்கு இந்த வேல வேணும். உம்மாக்குக் கிழமையில ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யணும்."

"உண்மையைச் சொன்னனீரோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லும்."

"எங்கட வாப்பாட காணியும் ஒரு வேலிக்கு உள்ளதான் இரிக்கு" எண்டான். போனை வைச்சிட்டான்.

உது பதிலே? சொல்லுங்கோ.

7

செவ்வாய்க்கிழமை அந்த ஒரு படத்தோடை கனகமணி கந்தோருக்குப் போனவ. ஹொட்டேல் பக்கத்து லோயர் படத்தை ஒரு விரலாலை தள்ளிப் பாத்தாராம். "பழைய கிணத்திலை ஆரோ பிறகு கிறுக்கியிருக்கினம். ஆண்டு எங்கை?"

கந்தோர் ஐயா கெட்டவர் இல்லை. "அம்மா, அடுத்த தவணைக்கு ஆண்டும் தெரியிற மாதிரிக் கொண்டாங்கோ" எண்டவர். அடுத்த தவணை வாற மாசம் ஒன்பதாம் திகதி. இப்ப கேற்றிலை கனகமணியின்ரை படம் ஒட்டியிருக்கு, அவவை உள்ளை விடாயினம். சுரண்டின இடத்துக்குத் திரும்பச் சாந்து பூசுவினம் எண்டும் கேள்வி.

இப்ப எனக்கு முன்னாலை ஒரு சுகமான வேலை கிடக்கு. 14.2.79 எண்டு நானே தட்டிப்போடலாம். சாந்து தானா உதிர்ந்தது, செக்குரிட்டி மண்டையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான், லோயர் வாயை மூடினார். ரெண்டு பந்தியிலை காணி கைக்கு வந்திடும். உங்களுக்கும் வாசிச்சு முடிய வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடிப்போட்டுப் படுப்பியள்.

செய்ய மாட்டன். நான் தட்டிற இலக்கத்தைக் கந்தோரிலை ஏத்துக்கொள்ளாயினம். சும்மா எழுதி எழுதி இருந்ததை இல்லாமலும் இல்லாததை இருக்கிற மாதிரியும் ஆக்கிறதுக்கு அங்கை ஏற்கெனவே ஒரு பித்தளைப் பலகை நிக்குது. ரெண்டாவதா நான் எதுக்கு?

அதாலை முடிவை உங்கடை கையிலை தாறன். உண்மையாத் தாறன், மரியாதைக்குச் சொல்லேல்லை. உங்கடை படம் கேற்றிலை இல்லைத்தானே. சனிக்கிழமை ஒன்பது மணி. தொப்பியைப் போடுங்கோ, இளநியைக் குடியுங்கோ, ரோசாவுக்கு "ஓ" எண்டு சொல்லுங்கோ. மூண்டாவது தோட்டத்திலை, களப்பைப் பாத்த பக்கம், கொடிக்குக் கீழை. பேர் இருந்த வரியிலையிருந்து நாலு விரல் கீழை திகதி. கூரான சாமான் ஏதாவது கொண்டு போங்கோ, போனிலை சார்ஜ் இருக்கட்டும்.

நௌபர் திரும்பி அந்தச் சனத்துக்கு இங்கிலீசிலை கதைக்கத் தொடங்குவான். இங்கிலீசு தெரிஞ்ச ஆக்கள் நீங்கள், வடிவாக் கேளுங்கோ. ஆனா கேக்கிறதுக்காகக் கையை நிப்பாட்டிப் போடாதேங்கோ.