நேர்கோட்டில் ஓடாத விமானம்

மாமனார் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் மாலத்தீவின் இரண்டு விமான நிலையங்களின் பெயர்கள், நடுவே வளைந்த கோடு. தூரம் எழுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம்.

"ஆவூர்லேருந்து மதுரைக்குப் போகவே இதவிட நேரமாகும் மாப்பிள்ளை. ஒரு வருஷமா எம்பொண்ண ஒரு தடவகூடப் போய்ப் பாக்கல நீங்க."

நானும் மனைவி ஷர்லியும் மாலத்தீவில் வேலை பார்க்கிறோம். நான் தென்கோடித் தீவில் கணக்கு ஆசிரியர். அவள் வடகோடித் தீவில் நர்ஸ். கல்யாணமான கையோடு ஆளுக்கொரு மூலையில் வேலை. இந்த முறை எனக்கு மட்டும் விடுமுறை கிடைத்ததால் தனியாக வந்து இறங்கினேன். மாமனார் ஊரான ஆவூரில் அதற்குள் எங்களைப் பேச்சிலேயே பிரித்து விட்டிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் முன்னால் பஞ்சாயத்து என்று ஏற்பாடு.

"மாமா, அந்தக் கோட்டுல எந்த பிளைட்டும் ஓடலைங்க. தூரத்த வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டுது, அவ்வளவுதான். நான் தலைநகரம் மாலே போயி, ராத்தங்கி, வேற பிளைட் பிடிச்சு, அப்புறம் படகுல போகணும். அங்க வாரலீவு வெள்ளி சனிதான், போறதுக்கே பத்தாது."

"ஓடாத பிளைட்டுக்கு எதுக்கு நேரம் போட்டிருக்கான்?"

வேறு வழியில் போய்ப் பார்த்தேன்.

"இங்கேருந்து மீமிசலுக்கு நேர் பஸ் இருக்குங்களா?"

"இல்ல. புதுக்கோட்டைல மாறிப் போறோம். போகாமயா இருக்கோம்?" என்றார் மாமியார்.

ஷர்லியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, எங்களுக்குள்ள சண்டையே இல்லப்பா. வர முடியல, அதான்."

மாமியார் மாமனாரின் காதருகே குனிந்தார். "புருஷன விட்டுக்குடுக்காமப் பேசுறா பாருங்க." எனக்கும் கேட்கும்படியான ரகசியம்.

ஷர்லிக்கும் கேட்டிருக்க வேண்டும். என்னிடம், "சாமியார் வரைக்கும் போக வேணாங்க. ஒரு தடவ வந்துட்டுத்தான் போங்களேன்" என்றாள். அழுகிறாளோ என்றிருந்தது.

விடுமுறையில் பாதியை வெட்டினேன். டிக்கெட்டை மாற்றினேன். என் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. திருச்சியிலிருந்து கிளம்பி, மாறி மாறி ஏறி, மாலேயில் ஒருநாள் மழையில் முடங்கி, கடைசியில் படகில் வாந்தியெடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். மிச்ச விடுமுறை திரும்பிப் போகவே சரியாக இருந்தது. படகுத்துறையில் நின்று இருவரும் படம் எடுத்து ஆவூருக்கு அனுப்பினோம்.

உடனே அழைப்பு வந்தது. சாமியாரிடம் ஒன்றும் வேண்டாமென்று மாமனார் சொல்லிவிட்டாராம். மனசு நிறைந்துவிட்டதாம். மாமியார் போனை வாங்கினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, மனசு வச்சதும் போய்ட்டீங்கள்ல? இம்புட்டு நாளா என்னமோ கதை சொன்னீங்க. இனிமே மாசம் ஒருக்கா போய்ட்டு வந்துருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஷர்லி போனைப் பிடுங்கினாள்.

"சரிம்மா, வருவாரு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் எனக்குத் திரும்பிப் போகும் படகு.