பல்லு தெரியுது

தேவராஜின் படம் கைக்கு வந்ததும் கிறிஸ்துராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். ரேஷன் கடை கிருஷ்ணாயில் க்யூ, கறுப்பு வெள்ளையில். நடுவில் ஒருத்தி இரண்டு கையையும் கண்ணுக்கு முன்னால் குவித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்கிறாள். பாதி முகம் கைக்குப் பின்னால் போய்விட்டது. சுற்றியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அடேங்கப்பா, இன்னா சிரிப்பு! இந்தப் பொண்ண கட்டினவன் குடுத்து வெச்சவன்பா" என்றான்.

மேனாம்பேட்டில் தேவராஜ் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கூடுகிற கூட்டம் அது. எல்லாம் தொழிற்பேட்டை ஆட்கள், கேமராப் பைத்தியங்கள். முதலில் படம் கைமாறும். எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொன்ன பிறகுதான் எடுத்தவன் அதன் கதையைச் சொல்லலாம். இது கிறிஸ்துராஜ் போட்ட சட்டம். சட்டம் போடுவதில் மனுஷன் சூரன்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. மனைவி ஞானகுமாரியை அவன் எடுத்த படங்கள் வீட்டுச் சுவர் முழுக்கத் தொங்கின; மாடிக் கூட்டத்தில் யாரும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை, அவளைப் பார்த்ததுமில்லை. ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு சிரிக்கவே வராதுபா, பொறவிக் கொணம்" என்று இதே மாடியில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறான். அவள் சிரிக்கிற ஒரு படம், ஒன்றே ஒன்று எடுத்துவிட்டால் போதும் என்று மனசார ஏங்கினான், பாவம்.

தேவராஜ் கதையை ஆரம்பித்தான். "அந்தம்மா யாருன்னு தெரியாது அண்ணாத்தே. வூட்டுக்காரரு போட்டா புடிக்கிறத நடிச்சுக் காட்டிகினு இருந்தாங்க. 'மோவாய தூக்கு. ஆங், பல்லு தெரியுது, மூடு. மூச்ச அடக்கு. அசையாத!' அந்தாளு அப்டியே எதிர்ல நிக்கிறா மாரி இருந்துச்சு. க்யூவே உருண்டு போச்சு!"

மாடியே சிரித்தது. "யார்ரா அந்த மெண்டலு?" என்று வேதமுத்து தொடையில் தட்டினான்.

கிறிஸ்துராஜும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் படத்தில் அவள் காலடியில் இருந்த கேன் கண்ணில் பட்டது. பிய்ந்துபோன கைப்பிடியில் பழைய பிலிம் சுருளைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. போட்டவன் அவன்தான். போன மழைக்காலத்தில், அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து.

அய்யோ ஆண்டவரே. படத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனான். கேலி பண்ணிவிட்டாளே என்ற கோபமா? அதுகூட வரவில்லை. ஒரே கூரைக்கடியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவளை அடையாளம் தெரியவில்லையே! ஊரான் பெண்டாட்டி என்று நினைத்துப் பெருமூச்சு வேறு விட்டாயிற்று. அந்தச் சிரிப்பு அவளிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் இருந்திருக்கிறது.

"இன்னா அண்ணாத்தே, மொகம் ஒரு மாரி கீது?"

"ஒண்ணுமில்ல. வெயிலு. இந்தப் படத்த நான் எடுத்துக்கவா?"

வீட்டுக்கு எப்படி சைக்கிள் மிதித்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஞானகுமாரி பின்கட்டில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தைக் காட்டிவிட வேண்டும், மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் வழியில் நினைத்து வந்திருந்தான். படம் கேமராப் பைக்குள் இருந்தது. அதை எடுக்கப் பையின் பித்தான்களைப் பிரித்தான். டக், டக்.

சத்தம் கேட்டதும் அவள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துவிட்டாள். மோவாய் தானாக உயர்ந்தது, உதடு மூடிக்கொண்டது.

"படம் புடிக்கலம்மா" என்றான். "மூச்ச வுடு ஞானம்."

புதிதாக ஏதோ சட்டம் போலிருக்கிறது என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். கையில் செதில் மின்ன, சுவரை ஒட்டி இன்னும் நேராக நின்றாள், அசையவில்லை.