பதினான்காம் நபர்

"இப்படி ஒரு ஆள் நிஜமாவே இருக்காராம்மா, இல்ல நீங்களே எழுதிக்கிட்டதா?" என்று கேட்டார் தேர்வாளர். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. கேள்வி என் தங்கச்சிக்கு. வியர்த்தது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு. அந்த ஆள் நான்தான்.

எங்கள் கடைத்தெருவை இடிக்க உத்தரவு வந்தபோது வியாபாரிகள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, பிறகு தெருவில் இறங்கினோம். கைப்பேசி எப்படிப் போராட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. கேட்டாள், சொன்னேன். என் ஜவுளிக்கடையில் "ஆஹா, அருமை" என்று துணியைத் தடவுகிறவர் வாங்கமாட்டார். சாயம் போகுமா, அகலம் பத்துமா என்று உயிரை எடுக்கிறவர்தான் வாங்குவார். குழுவிலும் அதே கதை. கட்டைவிரல் காட்டுகிறவன் வரமாட்டான். 'எத்தனை மணிக்கு, வண்டியை எங்க விடுறது, போலீஸ் பிடிச்சா யாரு வருவா' என்று கழுத்தை அறுக்கிறவன் முதல் ஆளாக நிற்பான். ஆய்வேட்டில் இதைச் சொன்னவர் பெயர் 'பதினான்காம் நபர்'. எங்கள்மீது வழக்கு இன்னும் நடக்கிறது. ஒருவன் யாரென்று தெரிந்தால் மற்ற எல்லோரையும் தோண்டி எடுத்துவிடலாம்.

"ரொம்ப சாமர்த்தியமா பேசறாரே, அதான் சந்தேகம். ஆளைக் காட்ட முடியுமா?"

முப்பது வருடம் பேசியே பிழைத்த வாய் என்னுடையது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"முடியாதுங்க சார். சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். அதுக்காக பட்டம் இல்லைன்னாலும் சரி." தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். "அவர் சொன்னதை நீங்க நம்பவேணாம். நானே நம்பல. தெருமுனையில நின்னு ஒவ்வொருத்தரா குறிச்சேன். கட்டைவிரல் போட்ட முந்நூறு பேர்ல வந்தது இருபத்தாறு. கேள்வி கேட்ட நாப்பத்தெட்டுல நாப்பத்தொண்ணு. நூத்திப்பன்னெண்டாம் பக்கம்."

நானே நம்பலையாமே! கூடப்பிறந்த அண்ணன் சொன்னதையே நிறுத்துப் பார்த்திருக்கிறாள். சந்தேகமே வேண்டாம், எங்கள் வீட்டுப் பிள்ளைதான். நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

முடிவு பேச வேண்டும் என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் ஒரு பேராசிரியர் என்னிடம் வந்தார்.

"நீங்க?"

"அண்ணங்க."

"என்ன தொழில்?"

"சும்மாதாங்க இருக்கேன்."

தங்கச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆய்வேட்டைப் பிரித்து, எண் எண்ணாக விரலை வைத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.