வலது மூலைப் பிள்ளையார்

ஆம்பூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில், ஹேமலதாவின் கம்ப்யூட்டர் திரையில் கீழே வலது மூலையில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது. முதலாளி காசி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போவார். ஆனால் அது பக்தியில் ஒட்டியது அல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஹேமலதா பிள்ளையாரை வைத்து மறைத்திருந்தாள்.

ஷூவுக்கான தோல் துண்டுகளின் அளவெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அது சொல்கிறபடிதான் மெஷின் தோலை வெட்டும். 'இந்த சாஃப்ட்வேருக்கு இனி சப்போர்ட் கிடையாது' என்று அந்த மூலையில் ஆங்கிலத்தில் இரண்டு வருடமாக ஒரு வரி வந்துகொண்டிருந்தது. காசி ஒருமுறை தானாகவே கேட்டார்.

"இன்னாம்மா, புதுசு வாங்கிடலாமா?"

"இன்னும் பத்து வருஷம் ஓடும் சார்."

பழையதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் எல்லோரும் அவளை மேடம் என்றார்கள். புதியது வந்தால் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து அவளும் அனா, ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் ஒரு பெரிய பூட்டுப் படம். ஒரு அளவும் திறக்கவில்லை. வெட்டும் மெஷின் நின்றது, அதன் பின்னால் தையல் வரிசையும் நின்றது.

"வைரஸ் பூந்துடுச்சு! நேத்து இதுல பென் டிரைவ் போட்டது யாரு?" காசி கத்தினார்.

"நான்தான் சார்" என்றான் வெட்டும் மெஷினை ஓட்டும் ஷபீ அஹமது.

போடச் சொன்னதே ஹேமலதாதான். ஷபீ அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கீபோர்டைப் பார்த்தாள்.

"வூட்டுக்குப் போ. இனிமே வர வேணாம்."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான். தினமும் அந்தத் திரையைத் துடைப்பவன் அவன். பிள்ளையார் மேல் ஈரத்துணி படாமல் பதனமாகச் சுற்றித் துடைப்பான். அது நினைவுக்கு வந்ததும் ஹேமலதாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை, மகராசி.

மத்தியானம் பழுது பார்க்க வேலூரிலிருந்து மெர்சி என்ற பெண் வந்தாள். அளவுகளை எப்போதோ எடுத்துவைத்த பழைய காப்பி ஒன்றைத் தேடிப் போட்டு, திரையைத் திறக்கவைத்தாள்.

"பென் டிரைவ்ல ஒண்ணும் இல்ல சார். வைரஸ் நெட் வழியா வந்திருக்கு. சப்போர்ட் முடிஞ்சதுல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கெடையாது. மாத்தியிருக்கணும். முடியலன்னா நெட்டையாவது கழட்டிட்டு, அளவெல்லாம் வேற எடத்துல அப்பப்ப காப்பி எடுத்து வெச்சிருக்கணும். முடிஞ்சிடுச்சுன்னு தெனம் இங்க காட்டியிருக்குமே, யாருமே பாக்கலியா?"

அவள் விரல் பிள்ளையார் மேல் வந்து நின்றது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டப் போனாள்.

"சாமி மேல கை வெக்காதம்மா!" காசி பதறினார்.

"நான் எடுக்கறேன் சார்" என்றாள் ஹேமலதா.

ஒரே இழுப்பில் வரவில்லை. முதலில் தும்பிக்கை கிழிந்தது, பிறகு தொப்பை. அடியில் அந்த வரி பளிச்சென்று இருந்தது. காசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வாரா வாரம் இதையா கும்பிட்டேன்?"

தையல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹேமலதாவுக்குக் காது மடல்வரை எரிந்தது.

"பென் டிரைவ் போடச் சொன்னதும் நான்தான் சார். ஷபீ மேல தப்பில்ல."

காசி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போன் பண்ணி அவன வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மனசுக்குள் நாலுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போன் போட்டாள். அவளைப் பேசவே விடாமல் ஷபீ முந்திக்கொண்டான்.

"அக்கா, மெஷின் ஓடுதா? உங்கள ஒண்ணும் சொல்லலியே?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "பிள்ளையாருக்குக் கீழ இருக்கறத நான் யாராண்டயும் சொல்லலக்கா."