முப்பது அங்குலக் கொம்பு

மூன்று நாளைக்குப் பொடி கிடையாது, காபி கிடையாது, ஜவ்வாது கிடையாது என்று முனிரத்தினம் சொன்னதும், சித்தூர் வக்கீல் உமாபதி எதிர்க்கட்சி சாட்சியைப் பார்ப்பதுபோல அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பொடி போட்டா தும்மல் வரும், சரி. ஜவ்வாது வாசனை மானுக்குத் தெரிஞ்சிடும், அதுவும் சரி. காபி என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

"பரண்மேல ஏறினா மூணு மணி நேரம் எறங்கக் கூடாது சாமி. நீங்க காபி குடிச்சிட்டு ஏறினா ரெண்டு வாட்டி எறங்கணும். நீங்க எறங்கி ஏறுறதுக்குள்ள மான் தடாவையே தாண்டிப் பூடும்."

கோர்ட்டில் வக்கீல் வாயை அடைத்தவர் யாரும் கிடையாது என்று பேச்சு. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், மலையடியில், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் அடைத்துவிட்டான்.

முனிரத்தினம் இருபது வருடமாக வேட்டைக்கு வழிகாட்டி. மெட்ராஸ் சர்க்கார் கொடுத்த பித்தளைப் பில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தால் அந்தப் பக்கத்துக் காடே தன் பேரில் பட்டா ஆனதுபோல நடப்பான். இந்த ஏப்ரல் முதல் தேதி மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்ததில் காடு ஆந்திராவுக்குப் போய்விட்டது. மலை இருந்த இடத்தில்தான் இருந்தது, மானும் தினமும் மேய்ந்த இடத்தில்தான் மேய்ந்தது, பாவம் பில்லைதான் செல்லாமல் போயிற்று. அதைத் திருப்பிக் கொடுத்த நாள் முதல் அவன் கை சும்மாவே நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். சட்டையில் இரண்டு சின்ன ஓட்டைதான் மிச்சம்.

புது ரேஞ்சர் எத்திராஜுலு நல்ல மனிதர். ஆனால் கறார். "ஒரே பில்லைதான் வந்திருக்கு. நாகலாபுரம் பச்சையப்பனும் கேக்குறான். இந்த மொதல் வேட்டை ஒழுங்கா நடந்தா ஒனக்கு, இல்லன்னா அவனுக்கு. பரண்மேல நானும் ஒக்காந்து பாப்பேன்," என்று சொல்லிவிட்டார். அவர் உட்காரப்போவதால் அவருக்கும் காபி கட். ஆந்திர சர்க்காருக்கே காபியை நிறுத்தியவன் என்று முனிரத்தினத்தைத் தெருவில் மூன்று நாளும் கேலி செய்தார்கள்.

பர்மிட்டில் எழுதியிருந்தது இதுதான்: ஆண் கடமான் ஒன்று, கொம்பு முப்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வக்கீல் அதற்குள் சித்தூர் வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்து, தேக்குப் பலகையும் செய்து வைத்துவிட்டார். கொம்பை அளக்கத் தையற்காரனிடம் டேப் வாங்கி, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மான் மட்டும்தான் பாக்கி.

அவரைத் தயார் செய்வதற்குள் முனிரத்தினத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. புது பூட்ஸ் சரக் சரக்கென்று கத்தியது. எண்ணெயில் ஊறப் போட்டு அதன் வாயை மூடினான். வெள்ளை வேட்டிக்குப் பதில் காக்கி. பரணில் அசையாமல் உட்காருவதற்குப் புளியமரக் கிளையில் ஏற்றி ஒத்திகை. முதல் நாள் ஐந்து நிமிடத்தில் "கட்டெறும்பு!" என்று குதித்தவர், மூன்றாம் நாள் எறும்பு கடித்தும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பது கஜத்தில் வைத்த பூசணிக்காயை ஒரே தோட்டாவில் சிதறடித்தபோது தெருவே கை தட்டியது. சிதறியதைப் பொறுக்கிக் குழம்பு வைத்தாள் முனிரத்தினத்தின் பெண்டாட்டி ஜெயம்மா.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு மடுதான். வெயில் காலத்தில் அந்தக் காட்டில் தண்ணீர் நிற்பது ஒரே ஒரு மடுவில். வேட்டைக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே அங்கே மனுஷ வாடை படாமல் ஆறவிட வேண்டும் என்பது முனிரத்தினத்தின் கணக்கு. வழியில் முள்வேலி போட்டான். விறகுக்குப் போகும் பெண்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னான். தானே போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் குளம்படியை மட்டும் பார்த்து, "நம்மாளு வந்துகினுதான் கீறான்," என்று சிரித்துக்கொள்வான். மாசியில் அவன் கண்ணால் பார்த்த கொம்பு! போன வருஷம் அந்த மான் கொம்பு உதிர்த்தது சித்திரைக் கடைசியில். இன்னும் நாள் இருந்தது.

வேட்டைக்கு முதல் நாள் ஜெயம்மாவின் நெற்றியில் வெள்ளையாகப் பற்று.

"இன்னாமே, நெத்தியில?"

"வெயிலுய்யா. மண்ட காயுது."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் நெற்றியிலும் பற்று. எதிர்வீட்டுச் சந்திரம்மா நெற்றியிலும் பற்று. இந்த வருஷம் வெயில் அநியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு அவன் தோட்டாவை எண்ணப் போய்விட்டான். குளம்படியை வைத்து மானின் வயதைச் சொல்பவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியின் நெற்றியைப் படிக்கத் தெரியவில்லை, என்னத்தைச் சொல்ல!

விடிகிற நேரம் மூவரும் மடுவோரத்துப் பழைய பரணில் இருந்தார்கள். காபி இல்லாமல் வக்கீலுக்கு மண்டை பிளந்தது. ரேஞ்சருக்கும் அதேதான், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று நல்ல பக்கமிருந்து வீசியது. புதர் அசைந்தது.

வந்தது அதே மான்தான். மாட்டுக்குச் சரியான உடம்பு, கறுத்த பிடரி. புதர் மறைவில் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தது. வக்கீல் ஒத்திகையில் கற்றதை ஒரு பிசகு இல்லாமல் செய்தார். மூச்சைப் பிடித்தார், துப்பாக்கியைத் தோளில் அணைத்தார், குறி பார்த்தார்.

மான் தலையைத் தூக்கியது. தலை மொட்டை. கொம்பு இருந்த இடத்தில் இரண்டு சிவந்த தழும்பு.

முனிரத்தினத்துக்கு யோசிக்க நேரம் இல்லை. கையை நீட்டித் துப்பாக்கிக் குழலை மேலே தள்ளினான். வெடி வானத்துக்குப் போனது, மான் காட்டுக்குப் போனது.

"யோவ்! பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் வக்கீல்.

"கொம்பு இல்ல சாமி. பர்மிட்டுல கொம்புன்னுதான் போட்டுகீது."

திரும்பி வந்ததும் முனிரத்தினம் வீட்டு வாசலில் புளியமரத்தடியில் கட்டிலைப் போட்டார்கள். தெரு கூடிவிட்டது. ரேஞ்சர் நோட்டை எடுத்தார்.

"ஏமய்யா, கொம்பு உதிர்ந்தது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"உதிர்ந்த கொம்பு சர்க்கார் சொத்து. அது எங்க?"

முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்தான். எதிரே ஜெயம்மா. நெற்றியில் வெள்ளைப் பற்று. கன்னியம்மாள், சந்திரம்மா, அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு நெற்றி. தலைவலிக்கு அந்தப் பக்கத்தில் மான்கொம்பைக் கல்லில் உரைத்துத்தான் பற்றுப் போடுவார்கள். அவன் அம்மாவே அவனுக்குப் போட்டிருக்கிறாள். எல்லாம் அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் தப்பு தன்மேல் இல்லை. பில்லைக்கு வழி பிறந்தாலும் பிறக்கும். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

"காட்லயே கெடக்கும்," என்றான். "முள்ளம்பன்னி துன்னிருக்கும்."

"பன்னண்டு நாள்லயா?"

"என் தப்புதாங்க. பில்லைய பச்சையப்பனுக்கே குடுத்துடுங்க." சொல்லும்போதே கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது, ஓட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

ஜெயம்மா விருட்டென்று வீட்டுக்குள் போனாள். வெளியே வரும்போது ஒரு கையில் முழுக் கொம்பு, இன்னொரு கையில் ரம்பம் போட்டு அறுத்த துண்டும் உரைகல்லும். யாரையும் பார்க்காமல் வக்கீல் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து உரைக்க ஆரம்பித்தாள்.

"இவருக்கு ஒண்ணும் தெரியாது சாமி. வேலி தாண்டிப் போயி எடுத்துகினு வந்தது நாங்கதான். ஆபீஸுக்குத் தெரிஞ்சா புடுங்கிக்குவாங்கன்னு மறைச்சோம். நீங்க எங்கள இன்னா வேணா பண்ணுங்க. மொதல்ல தலவலி போவட்டும்."

பேசிக்கொண்டே வக்கீல் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டாள். அவர் கத்துவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. பற்று குளுகுளுவென்று இறங்கியது. அவர் டேப்பை எடுத்து முழுக் கொம்பை அளந்தார். முப்பத்திரண்டு அங்குலம்.

"ஐயோ... இதுக்கு ஜோடி?"

"அது தெரு முழுக்க கீது சாமி," என்றாள் ஜெயம்மா. "உங்க நெத்தியிலயும் கொஞ்சம் ஒட்டிகினு கீது."

வக்கீல் தெருவைப் பார்த்தார். ஏழு நெற்றி அவரைப் பார்த்தது. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கட்டிலே ஆடும்படி சிரித்தார். "செவுத்துல கொம்பு மாட்டணும்னு வந்தேன், என் நெத்தியிலயே மாட்டிவிட்டுட்டீங்களே!"

ரேஞ்சர் சிரிக்கவில்லை. நோட்டையும் உரைகல்லையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றிப் பொட்டில் நரம்பு துடித்தது. கடைசியில் தொப்பியைக் கழற்றினார்.

"சர்க்காருக்கும் தலவலிதாம்மா. கொஞ்சம் பூசு."

பூசியதும் அவர் எழுதினார்: ஒரு கொம்பு முழுதாகக் கைப்பற்றப்பட்டது, ஒரு கொம்பு தேய்ந்த நிலையில். எழுதி முடித்து, சட்டைப் பையிலிருந்து புதுப் பில்லையை எடுத்தார்.

"மான் கொம்பு எப்ப உதிருதுன்னு அடுத்த வருஷம் கத்துக்கலாம். வக்கீல் துப்பாக்கியத் தள்ளிவிடுற தைரியத்த நான் எங்க போயித் தேடுறது? இந்தா."

பழைய ஓட்டையிலேயே பில்லை உட்கார்ந்தது. முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான். காபி வந்தது. வக்கீல் மூன்று டம்ளர் குடித்தார், நெற்றியைத் துடைக்காமலே சித்தூருக்கு ஜீப் ஏறினார்.

எல்லாரும் போன பிறகு முனிரத்தினம் பில்லையைக் கழற்றி ஜெயம்மாவிடம் நீட்டினான்.

"காட்ல இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சவ நீதான்மே. நீயே குத்திக்கோ."

அவள் அதை வாங்கி, முந்தானையில் துடைத்து, திரும்ப அவன் சட்டையிலேயே குத்தினாள்.

"வேணாம்யா. இதக் குத்திகினு போனா அடுத்த வருஷம் கொம்ப எடுத்துகினு வர முடியாது."