நீலத்திரை கேட்ட கேள்வி

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் அவனை எல்லோரும் பெங்குயின் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு அவன் வாய்தான் காரணம். வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்ட நாளிலிருந்து வேறு பேச்சே கிடையாது. கிரீஸ் கையோடு மோட்டார் அறையில் நின்றுகொண்டு, இனி எவனையும் கெஞ்ச வேண்டாம், எல்லாம் நம் கையில் என்று அளந்து தள்ளுவான். லினக்ஸின் சின்னம் ஒரு பெங்குயின் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் கேட்க ஆள் இல்லாததால்தான் வெளியில் அவ்வளவு பேச்சு. மனைவியும் அவனும் பிரிந்துவிட்டார்கள். மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மட்டும் அவனுக்கு. இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே விளையாட்டுக்குள் நுழைவார்கள். அதில் ஒரு தீவு. கரையில் அப்பாவும் மகளும் மாதக்கணக்காகக் கட்டிவரும் ஒரு படகு. ஒருமுறை பாட்டு வகுப்புக்காக அந்த நேரத்தை மாற்றலாமா என்று அவள் அம்மா கேட்டபோது எகிறிக் குதித்தான். “நான் சரின்னு சொல்லாம அந்த நேரத்துல யாரும் கை வைக்கக் கூடாது.” அவளும் ஒத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்ட நினைப்பு அவனுக்கு.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தீவைச் சுற்றியிருந்த கடல் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடியது, அவ்வளவுதான். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குப் புது டிரைவர், அதாவது அதை ஓட்டுகிற மென்பொருள், வந்திருக்கிறது என்று பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. ஓடுகிற வண்டியை நிறுத்தி இன்ஜினைப் பிரிக்கிற ஜாதி அவன்.

டிரைவரைப் போடும்போதே கம்ப்யூட்டர் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது. மறுபடி ஆன் ஆகும்போது நீலத்திரை வரும், இந்த டிரைவரை நம்பலாமா என்று கேட்கும், அங்கே இதே சொல்லை அடி என்று விளக்கியும் எழுதியிருந்தது. பெங்குயின் ஏதோ ஒன்றை அடித்துவைத்தான். ஆன் ஆனபோது நீலத்திரை சொன்னபடி வந்தது. முதல் வரியில் ‘தொடரவும்’ என்று இருந்தது. பழக்க தோஷம், என்டரைத் தட்டிவிட்டான். நம்பலாமா என்று கேட்ட திரைக்குப் பதில் சொல்லாமலே தாண்டிவிட்டான். டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே கூத்து. உள்ளே நுழைய வழக்கமான பாஸ்வேர்டு அடிப்பான், திரை கருப்பாகும், திரும்பவும் பாஸ்வேர்டு கேட்கும். மறுபடி அடிப்பான், மறுபடி கருப்பு. லிஃப்ட்டில் சிக்கியவர்கள் எல்லாப் பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்துவதைப் பார்த்து அவன் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான்! இப்போது தன் அறையில், தன் நாற்காலியில், அதையே செய்துகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது.

அதற்குள் விளையாட்டு நேரம் வந்துவிட்டது. போன் அடித்தது. மகள்.

“அப்பா, எங்க இருக்க? நான் கரையில நிக்கிறேன்.”

“வந்துட்டேன்டா குட்டி. டிரைவர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. லைன்லயே இரு.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். வெறும் எழுத்து மட்டும் வருகிற கருப்புத் திரைக்குப் போய், ஒவ்வொரு கட்டளையாக அடிக்க ஆரம்பித்தான்.

“பரவாயில்லப்பா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு சொல்லு.”

அவள் சொன்னாள். ஸ்கூலில் ஏதோ நீச்சல், யாரோ கோச், யாரோ ஒரு தோழி. பெங்குயின் டிரைவரைக் கழற்றிக்கொண்டிருந்தான். “ம்” என்றான். கழற்றியதைத் திரும்பப் போட்டான். “அப்படியா” என்றான். சனிக்கிழமை என்று ஒரு சொல் காதருகே வந்தது. அதே சமயம் திரையில் ‘டிரைவரின் சாவி ஏற்கப்படவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அவன் அந்த வரியைத்தான் பார்த்தான்.

நீலத்திரை! அட மடையா, அது கேட்டதே!

“...சரியாப்பா?” என்றது போன்.

“சரி சரி.”

“நிஜமாவா?”

“சரிடா, ஒரு நிமிஷம் இரு, இதோ வந்துடுச்சு.”

போன் ஒரு கத்துக் கத்தியது. அவனுக்கு அது விளையாட்டுச் சத்தம் மாதிரி இருந்தது. கடவுச்சொல்லை மறுபடி வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். நீலத்திரை வந்தது. இம்முறை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான், கடவுச்சொல்லை அடித்தான், நம்பலாம் என்று உறுதி சொன்னான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடை பழகும் குழந்தைபோல மெல்ல மெல்ல எல்லாம் எழுந்தது. தீவு வந்தது. கடல் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது.

“பாரு குட்டி, தண்ணிய பாரு!”

கரையில் யாரும் இல்லை. படகு மட்டும் பாதி பலகையோடு கிடந்தது. போனையும் அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

அவன் திரும்பக் கூப்பிட்டான். அவள் அம்மா எடுத்தாள். அவள் குரலில் அப்படியொரு கனிவைக் கேட்டு வருஷமாகியிருந்தது.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க. ஸ்கூல் நீச்சல் டீம்ல எடுத்திருக்காங்க, பயிற்சி சனிக்கிழமை சாயங்காலம்தான். உங்ககிட்ட கேட்கவே பயந்துட்டு இருந்தா. நீங்க உடனே சரின்னுட்டீங்களாமே? சந்தோஷத்துல வீட்டையே ரெண்டாக்கிட்டா. கோச்சுக்கும் சொல்லியாச்சு.”

பெங்குயின் கணக்குப் போட்டுப் பார்த்தான். நான் கேட்கவே இல்லை என்று சொல்லலாம். மகள் பேசும்போது நீ கேட்கவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்பாள். கல்யாணமான காலத்திலிருந்து அவள் கேட்டுவந்ததும் அதைத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

“அப்பாவா? குடும்மா, குடு!” மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. “அப்பா, நீ எதையோ ரிப்பேர் பண்ணிட்டே இருந்தியே, அதான் மறுபடி கேக்கறேன். இனிமே சனிக்கிழமை நாம விளையாட முடியாது. நிஜமாவே சரியா?”

இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“சரிடா” என்றான். “நான் கேட்டுத்தானே சொன்னேன்.”

“எனக்குத் தெரியும்ப்பா! படகை நீயே முடிச்சு வை. லீவு விட்டதும் நான் வந்து ஏறிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினான். தீவில் அவன் மட்டும் நின்றான். நாலு பக்கமும் தண்ணீர், துளிகூட வெட்டாமல்.